பதினொரு கண்ணாடியும் உடையாத வீடு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண்களே, என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி உங்கள் ஆபீஸிலிருந்து ஒரு ஆள் வந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது, ஒத்துக்கொண்டேன். நீங்கள் எல்லாரும் படித்தவர்கள். நான் லாலாகூடா ரயில்வே பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை போனவள். நான்காம் வகுப்புக்கு நான் வரவில்லையே என்று டீச்சர் வருத்தப்பட்டதாகத் தகவல் இல்லை. அதனால் கம்பி எத்தனை கனம், சிமெண்டு எத்தனை மூட்டை என்றெல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். அது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியும். நான் சொல்லப் போவது, சாய் குடித்துக்கொண்டே நான் செய்த ஒரு தப்பைப் பற்றி.

முனிசிபல் ஆபீஸில் நான் ஆயா. பானையில் தண்ணீர் நிரப்புவேன், பைல் தூக்குவேன், யார் யாரோடு பேசுவதில்லை என்று நினைவு வைத்துக்கொள்வேன். எனக்குத் தமிழில் கையெழுத்துப் போடத் தெரியும். ஆனால் சம்பள கிளார்க்குக்குத் தமிழ் தெரியாது. முதல் மாதம் நான் போட்ட கையெழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எழுத்தா, கோலமா?" என்று கேட்டார். மை டப்பாவை என் பக்கம் தள்ளினார். அன்றிலிருந்து ரிடையர் ஆகும்வரை நான் பெருவிரல்காரி.

ஒரு நாள் காலையில் ஹைதராபாத்தில் தரை லேசாக ஆடியது. அலமாரியில் டம்ளர்கள் குலுங்கின, அவ்வளவுதான். ஆனால் மேலே இருப்பவர்கள் பயந்துவிட்டார்கள். அடுத்த தடவை பலமாக ஆடினால் பழைய நகரத்து வீடுகள் என்ன ஆகும்? எல்லாம் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவை. வீடு வீடாகப் போய்ப் பாருங்கள், பலவீனமான சுவர்களை இரும்புக் கம்பி போட்டு ஒன்றோடொன்று இழுத்துக் கட்டுங்கள் என்று உத்தரவு வந்தது.

எங்கள் இன்ஜினியர் போனார். தெலுங்குக்காரர், நல்ல மனிதர், சுண்ணாம்புத் தூசி பட்டால் பதினாறு தும்மல் தும்முவார். அந்த வீடுகளில் பாதிக்கு மேல் திரை போட்ட வீடுகள். பெண்கள் இருக்கும் பகுதிக்குள் வெளி ஆண்பிள்ளை போகக் கூடாது. இவர் வாசலில் நின்று திரையைப் பார்த்து, "உள்ளே சுவரில் விரிசல் ஏதாவது இருக்கா அம்மா?" என்று கேட்பார். திரை "இல்லை" என்று சொல்லும். எழுதிக்கொள்வார். ஒரு மாதம் கழித்து ரிஜிஸ்டரைப் புரட்டினால், திரை போட்ட வீடு ஒன்றில்கூட விரிசல் கிடையாது. திரை போடாத வீடெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

தண்ணீர் வைக்கப் போன நான் சும்மா வந்திருக்கலாம். "நம்ம ஆபீஸுக்கும் ஒரு திரை வாங்கிப் போட்டுடுங்க சார், கூரை ஒழுகறது நின்னுடும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தார். மறுநாள் அளக்கிற டேப்பின் ஒரு முனை என் கையில் இருந்தது.

அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது கொஞ்சம்தான். முடி மாதிரி விரிசல் என்றால் விட்டுவிடு. எட்டணாக் காசு உள்ளே போனால் வந்து சொல். சந்தேகமாக இருந்தால் விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வை, இரண்டு முனையிலும் ஈர பிளாஸ்டரை அப்பி ஒட்டு, வாராவாரம் போய்ப் பார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். "கண்ணாடி பொய் சொல்லாதும்மா" என்றார்.

நான் ஒட்டும்போது ஒவ்வொரு முனையிலும் ஈர பிளாஸ்டரில் என் பெருவிரலை ஒரு அழுத்து அழுத்துவேன். ஒட்டுவதற்கு அது தேவையே இல்லை. சம்பள ரிஜிஸ்டரில் மட்டும்தான் என் விரலுக்கு மதிப்பா, ஊர்ச் சுவரிலும் இருக்கட்டும் என்று ஒரு கொழுப்பு. சின்ன வயதில் அரிவாள்மனையில் வெட்டிக்கொண்ட தழும்பு அந்த விரலில் குறுக்கே ஓடும். யாருக்கும் அந்த மாதிரி இருக்காது.

அந்த வீடு இரண்டு மாடி. மேலே நீளமாக ஒரு கூடம், அதன் வெளிச்சுவரில் பதினொரு விரிசல். வீட்டுக்குப் பெரியவர் ஒரு கிழவி, பெரிய பீபி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கலெக்டர் மாதிரி இருக்கும். அவருடைய பேத்தி முன்னி, பாட்டியைத் தாதி என்று கூப்பிடுவாள். கல்யாணம் நிச்சயமான பெண், எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். எனக்கு அவர்கள் வைத்த பெயர் தீவார்வாலி, சுவர்க்காரி. அவர்கள் பேசும் தக்கணி உருது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதை இங்கே முடிந்தவரை தமிழில் சொல்கிறேன்.

பதினொரு கண்ணாடி ஒட்டினேன். அடுத்த வாரம் போனேன். பெரிய பீபி, "உட்காரு தீவார்வாலி, சாய் குடி. உன் கண்ணாடியெல்லாம் சௌக்கியம்" என்றார். உட்கார்ந்தேன். அந்த வீட்டு சாய் இருக்கிறதே, ஸ்பூன் நிற்கும். கூடவே உஸ்மானியா பிஸ்கட். குடித்துக்கொண்டே உட்கார்ந்த இடத்திலிருந்து எண்ணினேன். பதினொன்று. ஒன்றுகூட உடையவில்லை. எழுந்து வந்தேன்.

இப்படியே இரண்டு மாதம். தெருவில் மற்ற வீடுகளில் கண்ணாடி பட்பட்டென்று உடைந்தது. இந்த வீட்டில் மட்டும் பதினொன்றும் ஜம்மென்று இருந்தது. இன்ஜினியருக்கு ஒரே ஆச்சரியம், அந்தக் காலத்துக் கொத்தனார்களைப் புகழ்ந்து தள்ளினார். கம்பி கொஞ்சம்தான் வரும், கண்ணாடி உடைந்த வீட்டுக்குத்தான் முதலில் போகும். அதனால் இந்த வீடு பட்டியலில் கடைசிக்குப் போய்விட்டது. போகச் சொன்னது நான், என் வாயால்.

முன்னி கல்யாணத்துக்கு எனக்கும் அழைப்பு, இன்ஜினியருக்கும் அழைப்பு. மத்தியானம் போனேன். ஆண்களுக்குப் பின்பக்கத் தோட்டத்தில் ஷாமியானா. பெண்கள் எல்லாரும் மேல் கூடத்தில், நூறு பேருக்குக் குறையாது. தோலக் வாசிக்கிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள், நாலைந்து பேர் எழுந்து ஆடத் தொடங்கியிருந்தார்கள். உட்கார இடமில்லாமல் வெளிச்சுவர் ஓரமாக ஒண்டினேன். என் மூக்குக்கு நேரே ஏழாம் நம்பர் கண்ணாடி.

பிளாஸ்டரில் விரல் அடையாளம் இருந்தது. ஆனால் என் விரல் இல்லை. சின்ன விரல், தழும்பு கிடையாது. அதைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் ஒரு கறை.

எட்டாம் நம்பரைப் பார்த்தேன். ஒன்பதைப் பார்த்தேன். மருதாணி வைத்த விரல். முன்னிக்கு மருதாணி வைத்தது முந்தின நாள். அப்படியானால் அந்தக் கண்ணாடிகளை ஒட்டியது முந்தின நாளுக்குப் பிறகு. அப்படியானால் பழைய கண்ணாடி எங்கே?

நடுவில் நகையோடு உட்கார்ந்திருந்த முன்னியிடம் போய், தலை முக்காட்டைச் சரி செய்கிற மாதிரி குனிந்தேன்.

"சுவத்துல உன் விரல் எப்படிடி வந்துது?"

அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "முதல் வாரமே ரெண்டு உடைஞ்சு போச்சு. சர்க்கார் கண்ணாடி ஆச்சே, உடைஞ்சா உனக்கு வேலை போயிடும்னு தாதி சொன்னாங்க. அதான் நாங்களே ஒட்டிட்டோம்."

"ரெண்டுதானா?"

"அப்புறம் தினம் உடைஞ்சுது. நேத்து நாலு. இன்னிக்குக் காலையிலே மூணு."

"ஏது அவ்வளவு கண்ணாடி?"

"முதல்ல லாந்தர் கண்ணாடி. அது வளைஞ்சிருந்துது, சரியா ஒட்டலே. அப்புறம் தாதா போட்டோவோட பிரேம் கண்ணாடியை எடுத்துட்டோம்." எதிர்ச் சுவரில் அவள் தாத்தா வெறும் அட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தார்.

"பிளாஸ்டர்?"

"தாதியோட வெத்தலைச் சுண்ணாம்பு. முட்டையோட வெள்ளைக் கரு கலந்தா நல்லா பிடிக்குது, தெரியுமா?"

அவ்வளவு மரியாதையான வீடு. என் வேலையைக் காப்பாற்றுவதற்காக, நூறு பெண்களை ஆட்டம் போடும் சுவருக்குள் உட்கார வைத்திருந்தார்கள். நான் எழுந்து போய் ஒரே ஒரு தடவை கையால் தொட்டுப் பார்த்திருந்தால் இரண்டு மாதத்துக்கு முன்பே தெரிந்திருக்கும். சாய் நன்றாக இருந்தது, நான் எழுந்திருக்கவில்லை.

இப்போது உங்களைக் கேட்கிறேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கத்தியிருப்பீர்கள். எனக்கும் வாய் வரை வந்துவிட்டது. ஆனால் மாடிப்படி ஒன்றுதான், ஒரு ஆள் அகலம், அதுவும் அந்த வெளிச்சுவரை ஒட்டியே இறங்கும். நான் கத்தினால் நூறு பேரும் ஒரே சமயத்தில் அந்தப் படியில் இருப்பார்கள். வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான்.

கீழே இறங்கிச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று இன்ஜினியரைக் கூப்பிட்டேன். அவர் கையில் சீக் கபாபோடு வந்தார்.

"சார், கை கழுவிட்டு வாங்க. அந்தப் பதினொரு கண்ணாடியும் நம்ம கண்ணாடி இல்லே."

"எப்படி தெரியும்?"

"என் விரல் இல்லே அதுல."

மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். "நிச்சயமா உன் விரல் இல்லையா?"

"என் விரலை எனக்குத் தெரியாதா சார்? மாசாமாசம் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

வேறு ஒரு கேள்வி கேட்கவில்லை. டிகிரி வாங்கிய மனிதர், ஒரு பெருவிரலை நம்பினார். அந்த ஒன்றுக்காகவே அவர் தும்மலை எல்லாம் மன்னித்துவிட்டேன்.

பெண்களை இறக்க வேண்டும் என்றால் முதலில் ஆண்களைத் தோட்டத்திலிருந்து கிளப்ப வேண்டும். ஆண்கள் இருக்கிற இடத்துக்குப் பெண்கள் வர மாட்டார்கள், சுவரே விழுந்தாலும். "மாப்பிள்ளை ஊர்வலம் வந்துடுச்சுன்னு சொல்லட்டுமா? எல்லாரும் தெருவுக்கு ஓடுவாங்க" என்றார்.

"நக்கோ சார், அது வேண்டாம். மணி ரெண்டுதான் ஆகுது. ரெண்டு மணிக்கு வரேன்னு சொன்ன ஊர்வலம் ரெண்டு மணிக்கு வந்துதுன்னா இந்த ஊர்ல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. சாப்பாடுன்னு சொல்லுங்க."

அவர் தோட்டத்து நடுவில் போய், ஆண்களுக்குத் தெருவில் பந்தி போடுகிறார்கள் என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். அடுத்த நிமிஷம் தோட்டத்தில் செருப்புகூட இல்லை. சமையல்கார பாவர்ச்சி கரண்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் சண்டைக்கு வந்தார். பிரியாணி தேக்சாவை இறக்குவதற்குள் யார் பந்தி போடச் சொன்னது, எதுக்கு இந்த அவசரம் என்றார். பெரிய பீபி உத்தரவு என்றேன். கரண்டி இறங்கிவிட்டது. தேக்சாவைத் தோட்டத்து மூலையில், சுவர் விழுந்தாலும் எட்டாத தூரத்தில் வைக்கச் சொன்னேன்.

மேலே போனேன். நூறு பேரையும் பத்துப் பத்தாக, மெல்ல இறக்க வேண்டும். நல்ல பிள்ளையாக, "கீழே தோட்டத்துல சாப்பாடு. பத்துப் பத்து பேராத்தான் உட்கார இடம். வயசானவங்க முதல்ல வாங்க" என்றேன்.

ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. எழுபது வயதுக்குக் குறையாத ஒரு பாட்டியம்மா ஜன்னல் வழியே ஆகாயத்தைப் பார்த்தார். அவருடைய தங்கை அக்காவைப் பார்த்தார். முட்டி வலி என்று அதுவரை முனகிக்கொண்டிருந்த ஒருத்தி காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

என் தப்பு. அடுத்த நிமிஷம் மாற்றிச் சொன்னேன். "பாவர்ச்சி தப்பா சொல்லிட்டார். சின்னப் பொண்ணுங்க மட்டும் முதல்ல வரணுமாம்."

ஆகாயம் பார்த்துக்கொண்டிருந்த பாட்டியம்மா எல்லாருக்கும் முன்னால் எழுந்தார்.

பத்துப் பத்தாக இறங்கினார்கள். படியின் கீழே நான் நிற்க வைத்த ஒரு பெண் எண்ணினாள், முந்தின பத்து தோட்டம் சேர்ந்த பிறகுதான் அடுத்த பத்து. ஆடுகிறவர்களை உட்கார வைத்தாகிவிட்டது. ஆனால் பாட்டு நின்றால் சந்தேகம் வரும். அதனால் நான் காதில் சொன்னபடி முன்னி தோலக்கைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு தானே பாடினாள். கல்யாணப் பெண் தன் கல்யாணத்தில் தானே பாட்டுப் பாடுகிறாளே என்று ஒரு அத்தை முகத்தைச் சுளித்தாள். முன்னி அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே பாடினாள். குரல் ஒரு இடத்தில்கூட நடுங்கவில்லை. விரல்தான் தாளத்தைத் தவற விட்டது.

கடைசியில் கூடத்தில் மூன்று பேர் மிஞ்சினோம். முன்னி, நான், வெற்றிலைப் பெட்டியோடு பெரிய பீபி.

"பீபி, வாங்க."

"நக்கோ."

"உங்க சுண்ணாம்பு வெத்தலைக்குத்தான் நல்லா இருக்கு பீபி. சுவத்துக்கு ஆகலே."

அவர் மெல்வதை நிறுத்தினார். "தெரிஞ்சுடுச்சா?"

"ஹவ், தெரிஞ்சுடுச்சு."

"உனக்கு வேலை போகக் கூடாதுன்னு செஞ்சோம்."

"முதல் ரெண்டு கண்ணாடிக்கு அது சரி. மிச்சத்துக்கு?"

வெற்றிலைப் பெட்டியை மூடினார். பிறகு சின்னக் குரலில் சொன்னார். "கண்ணாடி உடைஞ்ச வீட்டுக்கு நோட்டீஸ் ஒட்டறீங்க. ஜனங்களை வெளியே அனுப்பறீங்க. அப்படிப் போனவங்க எத்தனை பேர் திரும்பி வந்தாங்க, சொல்லு. என் மாமனார் கட்டின வீடு. நான் படி இறங்கினா நீங்க பூட்டுப் போடுவீங்க. நான் திரும்பி ஏறப் போறதில்லே."

அவர் சொன்னதில் பொய் இல்லை. நோட்டீஸ் ஒட்டிய வீடுகளுக்கு எல்லாம் பூட்டு உண்டு, கம்பி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. என்னிடம் எந்த அதிகாரமும் கிடையாது. அந்த ஆபீஸில் எனக்குக் கீழே தண்ணீர்ப் பானை ஒன்றுதான். ஆனாலும் சொன்னேன். "கம்பி போட்டு முடிச்சதும் உங்களை நானே கூட்டிட்டு வந்து இதே இடத்துல உட்கார வைக்கிறேன். இல்லேன்னா நீங்க என் வீட்டுல வந்து உட்காருங்க. ஒரே ரூம்தான், என் மாமியாரும் இருக்காங்க."

"உன் மாமியார் எப்படி?"

"உங்களை மாதிரிதான்."

"அப்ப நக்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்தார். வெற்றிலைப் பெட்டியை என்னிடம் கொடுத்தார். முன்னி தோலக்கை விட்டுவிட்டுப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூவரும் இறங்கினோம்.

கூடம் காலியானதும் இன்ஜினியர் மேலே போனார். முதலில் தும்மல் கேட்டது, பிறகு சத்தமே இல்லை. இறங்கி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. கூரையைத் தாங்கும் நடு உத்தரத்தின் முனை சுவரிலிருந்து நழுவி வந்திருக்கிறது என்றார். சுவருக்குள் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார்.

அன்று அந்தக் கூரை விழவில்லை. அன்று சாயங்காலமே ஆட்களை வைத்து முட்டுக் கொடுத்துவிட்டோம். விழாததால் கல்யாணத்துக்கு வந்தவர்கள் எங்களைச் சும்மா விடவில்லை. "பந்தியை இடம் மாத்தறதுக்கெல்லாம் சர்க்கார்ல ஆள் வச்சிருக்காங்க" என்று தெருவே சிரித்தது. மாப்பிள்ளை ஊர்வலம் விளக்கு வைத்த பிறகு வந்தது. நிக்காஹ் தோட்டத்தில் நடந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தவர்களை எல்லாம் நானும் பார்த்துச் சிரித்தேன். கேலி செய்ய ஆள் மிஞ்சியிருந்தால் நம் வேலை நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் இன்ஜினியர் அறிக்கை எழுதினார். உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணியதையும் எழுதுங்கள் சார் என்றேன். எழுதினார். ஆனால், பெண்கள் பகுதிக்கு வேறு யாரையும் அனுப்பாமல் ஒருத்தியை மட்டும் நம்பியது தன் தப்பு என்று அதற்கு மேலே எழுதியிருந்தார். பிறகு என்னை அழைத்துக்கொண்டு பெரிய அதிகாரியிடம் போய், பூட்டுப் போடும் வீட்டுக்குத் திரும்பும் தேதியை நோட்டீஸிலேயே எழுத வேண்டும் என்று சண்டை போட்டார். தேதி இல்லாத நோட்டீஸை ஒட்ட மாட்டேன் என்றார். அவர் சண்டை போட்டு நான் அன்றுதான் பார்த்தேன். தும்மலே வரவில்லை.

அப்புறம் நாங்கள் வழக்கத்தை மாற்றினோம். கண்ணாடி உடைந்தால் சந்தோஷமாக வந்து சொல்லுங்கள், உங்களுக்குத்தான் முதலில் கம்பி என்று வீடு வீடாகச் சொன்னேன். என்ன ஆயிற்று என்று நினைக்கிறீர்கள்? அடுத்த வாரம் தெரு முழுக்கக் கண்ணாடி உடைந்தது. ஒரு வீட்டில் சுத்தியல் அடையாளம்கூடத் துடைக்காமல் இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டுக்காரியின் முகத்தைப் பாருங்கள். சாய் கொடுத்தால் குடியுங்கள். சுவரைத் தொட்ட பிறகு குடியுங்கள்.

நாலு மாதம் ஆயிற்று. பெரிய பீபியின் வீட்டில் உத்தரத்தைத் தூக்கி உட்கார வைத்தார்கள், சுவருக்குச் சுவர் கம்பி ஓடியது, வெளியே கை அகலத் தகடுகள். எழுதிய தேதிக்கு ஒன்பது நாள் தாமதம். பெரிய பீபி அந்த ஒன்பது நாளும் ரிக்‌ஷா வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து வெற்றிலை மென்றார்.

சாவி கொடுத்த நாளில் படி ஏறிக் கூடத்து வாசல் வரை வந்தார். உள்ளே கால் வைக்கவில்லை. முன்னியும் புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்தாள்.

"தீவார்வாலி, நீ போ. நடுவுல நின்னு குதி."

"நானா?"

"நூறு பேரை ஆடவிடாம இறக்கினே இல்லே? அந்த ஆட்டம் பாக்கி இருக்கு. ஆடு."

முன்னி சிரித்துக்கொண்டே கை தட்டினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடினேன். நான் அப்போது ஒல்லி இல்லை, இப்போதும் இல்லை. தரை அதிர்ந்தது. உத்தரம் அசையவில்லை. ஒரு பொட்டுச் சுண்ணாம்பு உதிரவில்லை. மூச்சு வாங்க நின்றேன்.

பெரிய பீபி சுவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். என்னையும் அதே மாதிரி பார்த்தார். பிறகு உள்ளே வந்து தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

"வீடு தாங்கிடுச்சு" என்றார். "உன் ஆட்டத்தைத்தான் இந்த வயசுல என்னால தாங்க முடியலே."